பாதிக் கல்யாணம், பாதி மழை

“உங்களை நான் மாப்பிள்ளைன்னு கூப்பிடறதா, மிஸ்டர் அழகப்பன்னு கூப்பிடறதா? அதை மட்டும் முதல்ல சொல்லிடுங்க தம்பி. மத்ததை அப்புறம் பேசுவோம்.”

“எப்படிக் கூப்பிட்டாலும் சரிங்க மாமா.”

“பாருங்க, நீங்க மாமான்னு கூப்பிட்டுட்டீங்க. எண்பதுல ரெஜிஸ்டர் பண்ணின அன்னைக்கு ஆரம்பிச்சீங்க. இப்ப எண்பத்து நாலு. இன்னும் தாலி கட்டல. நான் செம்பவாங் டாக்குல முப்பது வருஷம் இருந்தவன். நாலு வருஷம் கரையிலேயே நிக்கிற கப்பலை அங்க யாரும் கப்பல்னு சொல்ல மாட்டாங்க. இரும்புன்னு சொல்லுவாங்க.”

“தேதி கிடைக்கலைங்க மாமா. முகூர்த்தம் வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாம் எனக்கு வேலை வந்துடுது.”

“ஊர்ல எல்லாருக்கும் கிடைக்குது. வர்ற ஞாயிறு வேலை முடிஞ்சு லீலாவைக் கொண்டாந்து விடுவீங்கல்ல? அப்ப ஒரு தேதியோட வாங்க. தேதி இல்லேன்னா மறுநாளே நான் வக்கீலைப் பார்த்து அந்த ரெஜிஸ்டரை ரத்து பண்ணிடறேன். அவகிட்ட இதைச் சொல்லாதீங்க. அழுதா எனக்குத் தாங்காது.”

லீலாவின் அப்பா முத்துசாமி இப்படிச் சொன்னது செவ்வாய்க்கிழமை. இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. மணி இரண்டு. ஜூரோங் சீனத் தோட்டத்தில், ஏரிக்கரை மண்டபம் ஒன்றில், கழுத்தில் இரண்டு கேமராவோடு நின்றுகொண்டு அழகப்பன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அழகான மழை. அதுதான் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. ஏரியின் மேல் வெள்ளைத் திரை போல இறங்கி, வளைவு வளைவான அந்தப் பாலத்தைக் கரைத்து, எதிர்க்கரையின் ஏழடுக்குக் கோபுரத்தை வெறும் சாயையாக்கி, எல்லாவற்றையும் யாரோ தூக்கத்தில் கண்டது போல ஆக்கிவிட்டிருந்தது. கண்ணுக்கு அவ்வளவும் தெரிந்தது. ஃபிலிமில் வெறும் சாம்பல் நிறம்தான் வரும்.

மண்டபத்துக்குள் கல்யாணக் கோலத்தில் மணப்பெண் சரஸ்வதி கல் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை செல்லக்கண்ணு. காலையில் சிராங்கூன் சாலைக் கோயிலில் தாலி கட்டிவிட்டு நேராக வந்தவன், கழுத்தில் மாலையோடு ஒரு கறி பஃபைத் தின்றுகொண்டிருந்தான். ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டர். அதிகம் பேசாதவன். அவனுக்கும் சேர்த்து மாமியார் மங்களம் பேசிக்கொண்டிருந்தார்.

“தம்பி, இது உங்க கார்டுதானே?”

மங்களம் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். அழகப்பன் அச்சடித்த கார்டுதான். ‘அழகப்பன் ஸ்டூடியோ, ஃபேரர் பார்க். மழையோ வெயிலோ, இயற்கைக் காட்சிப் படம் நிச்சயம்.’

“ஆமாங்கம்மா.”

“இது மழைதானே?”

“மழைதாங்கம்மா.”

“அப்ப நிச்சயம் எங்க?”

அழகப்பன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மங்களமே தொடர்ந்தார். “என் கல்யாணப் படத்தைப் பாத்திருக்கீங்களா? எனக்குப் பின்னாடி துணியில வரைஞ்ச ஏரி. அதுல வரைஞ்ச வாத்து. அந்த வாத்து என்னை விட அழகா இருக்குன்னு என் நாத்தனார் இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கா. என் மகளுக்கு நிஜ ஏரி வேணும். தண்ணி இருக்கிற ஏரி.”

“தண்ணி நிறையவே இருக்கு அத்தை,” என்றான் செல்லக்கண்ணு.

“நீங்க சாப்பிடுங்க மாப்பிள்ளை.” மங்களம் கைப்பையிலிருந்து அடுத்ததாக ஒரு காலண்டர் தாளை எடுத்துப் பிரித்தார். “இன்னைக்கு ஆகலேன்னா பரவாயில்ல. மாலையும் தாலியுமா எடுக்கிற படத்தை நல்ல நாள்லதான் எடுக்கணும். தை முகூர்த்தம் இன்னையோட சரி. மாசியில கடைசி ஞாயித்துக்கிழமை நல்ல முகூர்த்தம் இருக்கு. அன்னைக்கு மறுபடி வந்து எடுத்துடுங்க.”

அழகப்பன் அந்தக் காலண்டர் தாளையே பார்த்தான்.

மாசி கடைசி ஞாயிறு. அது அவனுடைய நாள். முகூர்த்தமும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வருவது வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைதான். அந்தப் பத்துப் பன்னிரண்டிலும் சிங்கப்பூரில் யாராவது கல்யாணம் செய்துகொண்டார்கள். அதையெல்லாம் அழகப்பன் படம் பிடித்தான். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாண ஆல்பம் போட்டுக் கொடுத்தவன் தன் கல்யாணத்துக்கு ஒரு நாள் கிடைக்காமல் நாலு வருஷம் நின்றான். ஒவ்வொரு முறையும் ஆசையாக ஒரு தேதியைச் சொல்வான். ஸ்டூடியோவின் தேதி நோட்டை லீலா புரட்டுவாள். “அச்சச்சோ, அன்னைக்கு பிடோக்ல ஒரு கல்யாணம் இருக்கே,” என்பாள். இருக்கும். அவள் கையெழுத்திலேயே இருக்கும்.

இந்த முறை அவன் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டான். புதன்கிழமை அவள் இல்லாத நேரத்தில் நோட்டை எடுத்துப் பார்த்தான். மாசி கடைசி ஞாயிறு வெள்ளையாக, ஒரு புள்ளி மை கூட இல்லாமல் கிடந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்று இரவு முத்துசாமியின் முன்னால், லீலாவும் கேட்க, அதைச் சொல்லி அவளைத் திணறடிக்க வேண்டும் என்று வைத்திருந்தான்.

இந்த மழை நிற்காவிட்டால் அந்த நாள் மங்களத்துக்குப் போய்விடும். முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். முடியாது என்ற சொல்லை அழகப்பன் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் அந்தக் கார்டையே அப்படி அச்சடித்திருக்க மாட்டான்.

“கொஞ்சம் பொறுங்கம்மா. மழை நின்னுடும். நிக்காட்டியும் எடுத்துடலாம். குடையோட எடுத்தா இன்னும் ரொமான்டிக்கா இருக்கும்,” என்றான்.

வேனில் ஒரு சிவப்புத் துணிக்குடை இருந்தது. போன மாதம்தான் வாங்கியது; படத்துக்கென்றே. லீலா நனைந்துகொண்டே ஓடிப் போய் எடுத்து வந்தாள்.

லீலா மெலிந்த உயரமான பெண். வார நாட்களில் ஒரு அச்சகத்தில் கணக்குப் பார்ப்பாள். மாலையில் ஸ்டூடியோவுக்கு வந்து போன் எடுப்பாள், தேதி எழுதுவாள். கல்யாண ஞாயிறுகளில் அவனோடு கூடவே வந்து பையைத் தூக்குவாள், புடவை மடிப்பைச் சரி செய்வாள், முறைத்துக்கொண்டு நிற்கும் மாப்பிள்ளைகளைச் சிரிக்க வைப்பாள். அவள் ‘இங்க நில்லுங்க’ என்று காட்டிய இடத்தில் நிற்க வைத்தால் படம் நன்றாக வந்துவிடும். ஏன் என்று அழகப்பன் யோசித்ததில்லை.

“குடை வேண்டாமே,” என்றாள் அவன் காதருகில். “அது புதுத் துணி. ஒரு தடவையும் நனைஞ்சதில்ல.”

“வேற வழி இல்ல லீலா. இன்னைக்கு எடுத்தே ஆகணும்.”

“அப்படி என்ன இன்னைக்கு?”

“அப்புறம் சொல்றேன்.”

சரஸ்வதியும் செல்லக்கண்ணுவும் பாலத்தின் நடுவில் போய்க் குடையின் கீழ் நின்றார்கள். உண்மையிலேயே அழகாக இருந்தது. வெள்ளைப் பாலம், வெள்ளை மழை, நடுவில் ஒரே ஒரு சிவப்பு. அழகப்பன் மூன்று படம் எடுத்தான். நான்காவதுக்குக் கண்ணை வைத்தபோது மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் ஒரு ரோஜாப்பூ இருந்தது. ஐந்தாவதில் ஒரு கொத்து ரோஜா. ஆறாவதில் செல்லக்கண்ணுவின் இடது பக்கம் முழுவதும் ரோஸ் கலராகியிருந்தது.

“ஐயோ! சாயம்!” என்று மண்டபத்திலிருந்து மங்களம் கத்தினார். “தம்பி! என் மாப்பிள்ளைக்குச் சாயம் போகுது!”

“மாப்பிள்ளைக்கு இல்லம்மா, குடைக்குத்தான்,” என்றாள் சரஸ்வதி.

எல்லோரும் தோட்டத்து வாசலில் இருந்த பானக் கடைக்கு ஓடினார்கள். கடை ஜைனப் அம்மாளுடையது. அறுபது வயது, கனத்த கண்ணாடி, எதற்கும் அசராத முகம். செல்லக்கண்ணுவின் சட்டையைக் கழற்றச் சொல்லி, வாளித் தண்ணீரில் போட்டு இரண்டு கசக்குக் கசக்கினார். ரோஸ் நிறம் சட்டை முழுவதும் சமமாகப் பரவியது.

“இப்ப ஒரே கலரா ஆயிடுச்சு. இதுவும் நல்லாத்தான் இருக்கு, லா,” என்றார் ஜைனப் அம்மாள். சட்டையைப் பிழிந்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். “மழையில நிக்க வெச்சுப் படம் எடுப்பாங்களா? மழையை நிறுத்திட்டுல்ல எடுக்கணும்.”

“எப்படி நிறுத்தறது?” என்றார் மங்களம், உடனே.

“செராய் இருக்குல்ல, செராய்? குழம்புக்கு வாசனைக்குப் போடற புல்லு. அதைத் தலைகீழா மண்ணுல நட்டு, பக்கத்துல ஒரு குச்சியில வெங்காயமும் மிளகாயும் குத்தி வெச்சா மழை அந்த இடத்தை விட்டு நகந்துடும். எல்லாம் என் கடையிலேயே இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். கல்யாணம் ஆகாத பொண்ணு கையால நடணும்.”

மங்களம் சுற்றிலும் பார்த்தார். “யார் இருக்கா? எனக்கு ஆகி இருபத்தஞ்சு வருஷம். இவளுக்கு ஆகி நாலு மணி நேரம்.”

“காலையிலேயே சொல்லியிருந்தா நானே நட்டிருப்பேன்,” என்றாள் சரஸ்வதி வருத்தமாக.

எல்லோருடைய பார்வையும் ஓரத்தில் கேமராப் பையைத் துடைத்துக்கொண்டிருந்த லீலாவின் மேல் வந்து நின்றது.

“ஏம்மா, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்றார் மங்களம்.

“ஆயிடுச்சு,” என்றான் அழகப்பன்.

“இல்ல,” என்றாள் லீலா.

இரண்டும் ஒரே நொடியில் வந்தன.

“அந்தப் பொண்ணைக் கேட்டா நீங்க ஏன் தம்பி பதில் சொல்றீங்க?”

“அது வந்து... என் கூடத்தான் ஆயிருக்கு.”

“ரெஜிஸ்டர் மட்டும்,” என்றாள் லீலா. “வீட்டுக்கு அப்ளை பண்றதுக்காக. கோயில் கல்யாணம் இன்னும் நடக்கல.”

அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சிங்கப்பூரில் எல்லோரும் அப்படித்தான். பதிவு செய்தால்தான் அடுக்குமாடி வீட்டுக்கு மனுப் போட முடியும். தாலி கட்டினால்தான் அந்த வீட்டில் குடியேறப் பெரியவர்கள் விடுவார்கள்.

“வீடு கிடைச்சிருச்சா அக்கா?” என்று ஆவலாகக் கேட்டாள் சரஸ்வதி. “எங்களுக்கு இன்னும் வரல. எந்த இடம்?”

“அங் மோ கியோ. அஞ்சாவது மாடி.”

“த்ரீ ரூமா, ஃபோர் ரூமா?”

“ஏண்டி, மழையைப் பாப்பியா, ரூமை எண்ணுவியா?” என்றார் மங்களம்.

அந்த வீட்டுச் சாவி வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அழகப்பன் அங்கே குளியலறையைப் படம் கழுவும் இருட்டறை ஆக்கியிருந்தான். கூடத்தில் கொடி கட்டி நெகட்டிவ்களைக் காயப் போட்டிருந்தான். ஜன்னல் வழியாகக் காற்று வரும்போது நூற்றுக்கணக்கான மணமக்கள் மெல்ல அசைவார்கள். அவனுக்கும் லீலாவுக்கும் கிடைத்த வீட்டில் ஊரில் உள்ள ஜோடிகள் அத்தனை பேரும் குடியிருந்தார்கள். அவர்கள் இரண்டு பேர்தான் குடியிருக்கவில்லை.

“அப்ப மழைக்கு இந்தப் பொண்ணு எந்தக் கணக்கு?” என்று கேட்டார் மங்களம். “ஆனதா, ஆகாததா?”

ஜைனப் அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு லீலாவைக் கவனித்தார். “மழை ரெஜிஸ்டர் ஆபீசுக்குப் போறதில்ல. அது கழுத்தைத்தான் பாக்கும். கழுத்துல தாலி இல்ல. நடலாம்.”

“ஆனா நடறது சர்க்கார் மண்ணுல. சர்க்கார் கணக்குல ஆனதுதானே?” என்றான் செல்லக்கண்ணு, ஈரச் சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டே.

அது எல்லோரையும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஆனால் வேறு பெண் இல்லை.

ஏரிக்கரையில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நின்ற மரத்தின் அடியில் லீலா முழங்காலிட்டு உட்கார்ந்து நட்டாள். அழகப்பன் அவள் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் மண்டபத்தில் இருந்தார்கள். கிளைகள் நாலா பக்கமும் பச்சை நூல்களாகத் தொங்கின. அந்தப் பச்சைக்குள் அவர்கள் இருவர் மட்டும். மழைச் சத்தம் தூரத்தில் எங்கோ நடப்பது போலக் கேட்டது.

“இந்த மழை நல்லா இருக்குல்ல?” என்றாள் லீலா. விரலில் சேறு, நெற்றியில் ஒரு முடி ஒட்டியிருந்தது. “அந்தப் பாலத்தைப் பாருங்க. பாதிதான் தெரியுது. மீதியை யாரோ இன்னும் நினைச்சு முடிக்காத மாதிரி இருக்கு. ஃபிலிம்ல வந்தா எப்படி இருக்கும்!”

அழகப்பன் பாலத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய நனைந்த தோளைப் பார்த்தான். பாவம், நாலு வருஷமாக இப்படித்தான். மனசு உருகிப் போயிற்று.

“இன்னும் கொஞ்ச நாள்தான் லீலா. கல்யாணம் ஆயிட்டா நீ இப்படி வெயில்லயும் மழையிலயும் அலைய வேண்டியதே இல்ல. அம்மாவும் நாலு வருஷமா அதையேதான் சொல்றாங்க. மருமக வீட்டோட இருக்கட்டும், பை தூக்க ஒரு ஆளைப் போட்டுக்கன்னு. நானும் சரின்னுட்டேன்.”

லீலா செராய் நன்றாக ஊன்றியிருக்கிறதா என்று பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று அழகப்பன் நினைத்தான். அவள் வெட்கப்படுவதைப் பார்க்க அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தப் பேச்சை எடுத்தால் அவள் எப்போதும் இப்படித்தான் ஆகிவிடுவாள்.

அப்போதுதான் அது நடந்தது. எதிர்க்கரையில், கோபுரம் இருந்த பக்கத்தில், மழை நின்றது.

அந்தப் பக்கம் மட்டும்.

ஏரியின் நடுவில் கோடு கிழித்தது போல இருந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பொன் வெயில். கோபுரம் கழுவி வைத்தாற்போலப் பளபளத்தது. இந்தப் பக்கம், செராய் நட்ட இடத்தில், முன்னைவிடப் பலமாகக் கொட்டியது.

“முப்பது வருஷமா நடச் சொல்லிப் பாத்துட்டேன்,” என்று கடையிலிருந்தே சொன்னார் ஜைனப் அம்மாள். “ஒண்ணு நிக்கும், இல்லேன்னா நிக்காது. இப்படிப் பாதியில நின்னு நான் பாத்ததே இல்ல.”

“பாதிக் கல்யாணம், பாதி மழை!” என்றார் மங்களம். “சரி, வெயில் அங்கதானே இருக்கு? எல்லாரும் அங்க ஓடுங்க!”

ஓடினார்கள். முன்னால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சரஸ்வதி, பின்னால் ரோஸ் சட்டையில் செல்லக்கண்ணு, அவனுக்குப் பின்னால் இரண்டு மாலைகளையும் குழந்தைகளைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு மங்களம், கடைசியில் கேமராவை வயிற்றில் மறைத்துக்கொண்டு அழகப்பனும் பையோடு லீலாவும். பாலத்தைக் கடந்து, ஏரியைச் சுற்றி, மூச்சு வாங்கக் கோபுரத்தடிக்குப் போய்ச் சேர்ந்து, மாலையை மாட்டி, முகத்தைத் துடைத்து, “கொஞ்சம் சிரிங்க,” என்று அழகப்பன் சொன்னான்.

ஒரு பெரிய துளி லென்ஸின் மேல் விழுந்தது. பிறகு எல்லாத் துளிகளும் விழுந்தன. திரும்பிப் பார்த்தால் அவர்கள் விட்டு வந்த கரையில், செராய்க்கு மேலே, வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மறுபடி ஓடினார்கள். பாலத்தின் மேல் சரஸ்வதியின் செருப்பு ஒன்று நழுவி ஏரியில் விழுந்தது. அது கொஞ்ச தூரம் படகு போல மிதந்தது. இந்தக் கரைக்கு வந்ததும் வெயில் அந்தக் கரைக்குப் போய்விட்டது. மூன்றாவது தடவை மங்களம் வழுக்கி உட்கார்ந்தார். மாலைகளை மட்டும் மேலே தூக்கிப் பிடித்து, கீழே விடாமல் உட்கார்ந்தார். செல்லக்கண்ணு அவரைத் தூக்கிவிட்டபோது அவருடைய பட்டுப் புடவையிலும் கொஞ்சம் ரோஸ் ஒட்டிக்கொண்டது.

நடுநடுவே அழகப்பன் எடுத்துக்கொண்டுதான் இருந்தான். சுருளில் இருந்த பன்னிரண்டு படமும் தீர்ந்தது. அடுத்த சுருளை மாட்டப் பெட்டியைத் திறந்தான். உள்ளே மழைத் தண்ணீர் நின்றது. அதில் நான்கு சுருள்கள் நிம்மதியாக ஊறிக்கொண்டிருந்தன.

எல்லோரும் மண்டபத்துக்குத் திரும்பினார்கள். மழையும் வெயிலும் இப்போது ஒன்றாகவே பெய்தன. ஒவ்வொரு துளியும் விளக்குப் போல எரிந்துகொண்டு இறங்கியது.

“போதும் தம்பி,” என்றார் மங்களம். குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான். “நீங்க நல்ல பிள்ளை. பாவம், பாடுபட்டீங்க. மாசி கடைசி ஞாயிறு வந்து எடுத்துக் கொடுத்துடுங்க. அன்னைக்கு மழை இருக்காது.”

அழகப்பன் வாயைத் திறந்தான். சரிங்கம்மா என்ற சொல் வழக்கம் போல நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைத் தாண்டி முத்துசாமியின் முகம் தெரிந்தது. கரையிலேயே நின்று நின்று இரும்பாகிப்போன ஒரு கப்பல் தெரிந்தது.

“முடியாதுங்கம்மா,” என்றான்.

அது அவன் குரல் மாதிரியே இல்லை. லீலா நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன தம்பி?”

“அன்னைக்கு முடியாது. வேற எந்த நாள் வேணும்னாலும் வர்றேன். பத்துத் தடவை வர்றேன். அந்த ஒரு நாள் மட்டும் கேக்காதீங்க. அன்னைக்கு எனக்குக் கல்யாணம். லீலாவோட.” மூச்சு வாங்கியது. “இன்னைக்கு ராத்திரி மாமாகிட்ட அந்தத் தேதியைச் சொல்லணும். சொல்லலேன்னா நாளைக்கு அவர் வக்கீல்கிட்ட போயிடுவார். ரெஜிஸ்டரையே ரத்து பண்ணிடுவார். எனக்கு லீலா இல்லாமப் போயிடுவாம்மா.”

மங்களத்தின் கண் கலங்கிவிட்டது. “இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? என் மகளுக்கு இந்தச் செருப்பில்லாப் படமே போதும்.”

அழகப்பன் மெதுவாக லீலாவின் பக்கம் திரும்பினான். இந்த நொடிக்காகத்தான் புதன்கிழமையிலிருந்து காத்திருந்தான். அவள் முகம் மலரும், கண் நிறையும் என்று நினைத்திருந்தான்.

லீலாவின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

“அப்பா அப்படியா சொன்னாரு?” என்றாள். “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“மாசி கடைசி ஞாயிறா?” என்றான் செல்லக்கண்ணு. அவன் இரண்டாவது கறி பஃபில் இருந்தான். “அன்னைக்கு எப்படி அண்ணே? அன்னைக்கு எங்க கப்பல் யார்டு கோவிந்தசாமி அண்ணன் மக கல்யாணம். நீங்கதானே படம்?”

“நானா? யார் சொன்னா?”

“லீலா அக்காதான். வியாழக்கிழமை யார்டுக்கே போன் பண்ணி, அந்த ஞாயித்துக்கிழமை உங்க பக்கம் யாருக்காவது கல்யாணம் இருக்கா, எங்களுக்கு அன்னைக்கு வேலை இல்லேன்னு கேட்டாங்க. எங்களையே அப்படித்தானே புடிச்சாங்க? நாங்க சித்திரையில வெக்கலாம்னு சும்மா இருந்தோம். இவங்க விடல. தையில நல்ல நாள் இருக்கு, ஆல்பத்தோட ஒரு பெரிய படம் சும்மா தர்றோம்னு சொல்லித்தான் எங்களை இன்னைக்குக் கல்யாணம் பண்ணிக்க வெச்சாங்க.”

சரஸ்வதி மெல்ல எட்டி, கணவன் கையிலிருந்த கறி பஃபைப் பிடுங்கிக்கொண்டாள்.

அழகப்பனின் மனத்தில் நாலு வருஷத்து ஞாயிறுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பிடோக் கல்யாணம். குவீன்ஸ்டவுன் கல்யாணம். தேதியைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் புரட்டும் நோட்டு. அத்தனை நாட்களையும் அவனிடமிருந்து பறித்தது ஊரார் அல்ல.

“என்னைப் பிடிக்கலையா லீலா?” என்றான். “அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“பிடிக்காமலா?” லீலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெளியே பெய்த வெயிலும் மழையும் போல இருந்தது அவள் முகம். “பிடிக்காமலா நாலு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை விடாம உங்க பின்னாடி வர்றேன்? கோவிந்தசாமி அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். அந்த நாளைத் திருப்பி வாங்கிடறேன். நீங்க தைரியமா அப்பாகிட்ட தேதி சொல்லுங்க. ஆனா அதுக்கு முன்னாடி...”

நின்றாள். தோளில் தொங்கிய கேமராப் பையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். மங்களம், சரஸ்வதி, செல்லக்கண்ணு, எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, அவனை மட்டும் பார்த்தாள்.

“கல்யாணத்துக்கு அப்புறமும் என்னை வேலைக்குக் கூட்டிட்டு வருவீங்களா?”